காக்கா வராத வீடு

வாங்க, வாங்க. செருப்பு வெளியிலயே இருக்கட்டும், பரவால்ல, இந்தத் தெருவுல குரங்குத் தொல்லை கம்மி. வீட்டுக்குச் சொந்தக்காரரு வித்யாசாகர் நேத்தே போன் பண்ணிட்டாரு. 'ஆன்ட்டி, ஒரு புருஷன் பொண்டாட்டி வீடு பாக்க வருவாங்க, கொஞ்சம் காட்டிடுங்க'ன்னாரு. காட்டறேன். அதுக்கு முன்னாடி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, மாசியிலயே என்ன வெயில் அடிக்குது பாருங்க. வாடகை நாலாயிரத்து ஐந்நூறுன்னதும் உங்களுக்கு என்ன தோணுச்சு? உள்ளத சொல்லுங்க. இதுல ஏதோ இருக்குதுன்னு தோணுச்சில்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

நீங்களும் இந்தத் திருவண்ணாமலையில வீடு தேடி அலைஞ்சிருப்பீங்க. உங்க முகத்தப் பாத்தாலே தெரியுது. நாங்க ஒன்றரை வருஷம் அலைஞ்சோம். அம்பத்தூர்லேருந்து மாசம் ரெண்டு தடவை பஸ் ஏறுவோம். ஊரு என்னமோ சின்ன ஊருதான், ஆனா வெள்ளைக்காரங்க வந்து, ஆந்திராக்காரங்க வந்து, கிரிவலப் பாதை பக்கத்துல கால் வைக்க முடியல. மாட்டுக் கொட்டாய்க்கு மேல ஒரு ரூம் கட்டிட்டு பதினாறாயிரம்ன்றான். ஜன்னலத் தொறந்தா மலை தெரியுதுன்னா மூவாயிரம் கூட. மலைய என்னமோ அவங்க அப்பன் கட்டி வெச்ச மாதிரி!

எங்க வீட்டுக்காரருக்கு அந்த மலைதான் வேணும். முப்பத்தாறு வருஷம் லேத்து மிஷின் முன்னாடி நின்ன மனுஷன். 'கடைசிக் காலத்துல காலையில எழுந்தா மலை தெரியணும் குணவதி, வேற எதுவும் வேணாம்'னு சொல்லுவாரு. வேற எதையும் அவரு எங்கிட்ட கேட்டதில்ல. கம்பெனியில பென்ஷன் கிடையாது. எங்களுக்குப் பிள்ளை குட்டியும் கிடையாது. நான் ஒரு நர்சிங் ஹோம்ல ரிசப்ஷன்ல இருபத்தாறு வருஷம் இருந்தேன். இருக்கறத பேங்க்ல போட்டு, அந்த வட்டியில சாப்பிட்டு, வாடகையும் குடுக்கணும். எங்க குடுக்கறது?

வாடகைய விடுங்க, வயசுதான் பெரிய தொல்லை. வயசானவங்கன்னாலே வீட்டுக்காரன் முகம் சுருங்கிடும். உங்களுக்குத் தெரியாததா? வீட்டுல ஒரு உசிரு போச்சுன்னா, போன நட்சத்திரம் சரியில்லன்னா, மூணு மாசம், ஆறு மாசம்னு வீட்ட அடைச்சுப் போடணும். அடைப்பு. அந்த ஆறு மாசம் வாடகை யாரு குடுப்பா? ஒருத்தன் எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, 'சுகர் இருக்குதா, ஹார்ட்டு இருக்குதா'ன்னு கேட்டான். மாடு வாங்கறவன் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி. அதுலயும் நாங்க அப்ப மூணு பேரு.

மூணாவது யாருன்னா, என் நாத்தனாரு. இவருக்கு அக்கா. தனபாக்கியம்னு பேரு. கல்யாணம் கட்டிக்கல. இவங்க அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க, அக்காதான் இவர வளத்து ஆளாக்கினது. நான் கல்யாணம் ஆகி வந்தப்பவே அவங்க வீட்டுல இருந்தாங்க. நல்ல மாதிரிதான், குறை சொல்லக் கூடாது. எங்க கூட உக்காந்து சாப்பிட மாட்டாங்க. நாங்க சாப்பிட்டு எழுந்தப்புறம் சமையல்கட்டுல நின்னுக்கிட்டே பானை அடியக் கரண்டியால வறட்டு வறட்டுன்னு சுரண்டிச் சாப்பிடுவாங்க. அது அவங்க சுபாவம். உக்காருங்கன்னு நானும் சொல்லியிருப்பேன், ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். கடைசியில எழுபத்தெட்டு வயசு, முட்டி ரெண்டும் போச்சு, சுவரப் புடிச்சுக்கிட்டுத்தான் நடை.

அப்பதான் இந்த வீடு வந்துச்சு. அந்தப் படத்துல இருக்காங்களே, அவங்கதான் வித்யாசாகரோட அம்மா, சௌந்தரவல்லியம்மா. பக்கத்துல அப்பா. கட்டின வீடு அவங்களுது. புள்ள அமெரிக்காவுல டல்லாஸ்ல இருக்காரு. ஒரே புள்ள. வர முடியல. 'ஆன்ட்டி, வாடகை எனக்குப் பெரிசில்ல, அப்பா அம்மா படத்துக்கு தினமும் விளக்கு ஏத்தணும், அமாவாசை அமாவாசைக்குப் படையல் போட்டு மாடியில காக்காவுக்கு வைக்கணும், நான் வீடியோ கால்ல பாப்பேன்'னாரு. அவ்வளவுதான் கண்டிஷன். நம்ம ஊருக் காலை ஏழு மணி, அவருக்கு முந்தின நாள் ராத்திரி. ஆபீஸ் விட்டு வந்து குளிச்சுட்டு ஈரத் தலையோட போன் முன்னாடி உக்காந்துடுவாரு. நல்ல புள்ள. இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளைய எங்க பாக்க முடியும்?

இன்னொண்ணும் சொன்னாரு. 'நீங்க எத்தனை பேரு ஆன்ட்டி? உங்க ரெண்டு பேரத் தவிர ரொம்ப வயசானவங்க யாரும் வேணாம். அடைப்பு கிடைப்புன்னு ஆச்சுன்னா அம்மாவுக்கு விளக்கு நின்னுடும்'னாரு. நான் உடனே, 'ரெண்டே பேருதான் தம்பி'ன்னேன். யோசிக்கவே இல்ல. ரிசப்ஷன்ல உக்காந்தவளுக்கு இது வந்துடும்ங்க. ஐசியூ வாசல்ல நிக்கறவங்ககிட்ட, 'டாக்டர் பாத்துட்டிருக்காரு, ஒண்ணும் பயமில்ல'ன்னு சிரிச்ச முகமா சொல்லணும். அது பொய்னு நான் நெனச்சதே இல்ல. ஒரு மனுஷாள நிம்மதியா உக்கார வைக்கறது எப்படிப் பொய்யாகும்?

திருவள்ளூர் பக்கம் ஒரு முதியோர் ஹோம் இருக்குது, பணம் அதிகம் கேக்க மாட்டாங்க. அங்க கொண்டு போயி விட்டோம். பங்குனி மாசம். 'ஒரே மாசம்க்கா, வீடு செட் ஆனதும் வந்து கூட்டிட்டுப் போறோம்'னேன். அவங்க தலைய ஆட்டினாங்க. இவரு வர வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தாரு.

இந்த வீட்டுக்கு வந்து நாலு அமாவாசை, ஒரு குறை கிடையாது. நான் நாலு மணிக்கு எழுந்துடுவேன். வித்யாசாகர் அனுப்பின லிஸ்ட்டு இருக்குது, அவங்க அம்மாவுக்குப் புடிச்சது. வடை, பருப்பு, வாழைக்காய் வறுவல், வெல்லம் போட்ட பாயசம். இலையில வெச்சு மாடி சுவர் மேல வெச்சு, கா கான்னு ரெண்டு குரல் குடுப்பேன். பொத்துன்னு வந்து உக்காரும். அந்தப் பக்கம் அந்தப் புள்ள, 'அம்மா வந்துட்டாங்க ஆன்ட்டி, வந்துட்டாங்க'ன்னு கண்ணத் தொடச்சுக்குவாரு.

ஆடி அமாவாசை. நீங்களே நெனச்சுப் பாருங்க, வருஷத்துல அதுதானே பெரிசு. நான் வடைக்கு மாவு தட்டிட்டிருக்கேன், ஆறு மணி இருக்கும், என் போன் அடிக்குது. ஹோம் மேனேஜர் ஜெபராஜ். 'அம்மா, உங்க நாத்தனார் விடிகாலையில தூக்கத்துலயே போயிட்டாங்க'ன்னாரு. கையில மாவு. எண்ணெய் காயுது. இவரு குளிக்கறாரு, தண்ணி ஊத்தற சத்தம் கேக்குது.

இப்ப நீங்க சொல்லுங்க, நான் என்ன பண்ணியிருக்கணும்? இவருகிட்ட சொல்லிட்டா அந்த நிமிஷமே தீட்டு. கூடப் பொறந்தவங்க. இவருக்குத் தீட்டுன்னா எனக்கும் தீட்டு. அடுப்பத் தொடக் கூடாது, படையலத் தொடக் கூடாது. ஏழு மணிக்கு அந்தப் புள்ள போன்ல வந்து உக்காரும். ஆடி அமாவாசையும் அதுவுமா அவங்க அம்மா பட்டினி. 'யாரு செத்தது'ன்னு கேட்டா என்ன சொல்றது? ரெண்டு பேருன்னுதானே சொல்லியிருக்கேன். சொன்னாத்தான் தீட்டு, சொல்லாத வரைக்கும் தீட்டு இல்ல. அப்படித்தான் நெனச்சேன். அப்படித்தானே? கேள்விப்பட்டாத்தானே?

ஜெபராஜ் இன்னொண்ணு கேட்டாரு. 'ஐஸ் பெட்டி கிடைக்கல, வெயில் வேற, நீங்க வரவரைக்கும் வெக்கறதா, முடிச்சுடறதா?'ன்னாரு. 'உங்க வசதி எப்படியோ அப்படிப் பண்ணுங்க சார்'னேன். ரிசப்ஷன் குரல்ல சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சு.

அன்னிக்குக் காக்கா கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துடுச்சுங்க. இலைய வெச்சு கைய எடுக்கல, கொத்துது. வித்யாசாகருக்கு அவ்வளவு சந்தோஷம். போன வெச்சுட்டுக் கீழ வந்து, இவரு டிபன் சாப்பிட உக்காந்தாரு, அப்ப சொன்னேன். 'அக்கா போயிட்டாங்க'ன்னு. எப்பன்னு கேட்டாரு. இப்பதான் போன் வந்துச்சுன்னேன். எட்டரை பஸ் புடிச்சு, போளூர் தாண்டி பஸ் பஞ்சராகி, போய்ச் சேரும்போது மணி மூணு. எல்லாம் முடிஞ்சு இடத்தக் கழுவி விட்டிருந்தாங்க. அவங்க சேலை ரெண்டு, ஒரு எவர்சில்வர் தம்ளர், ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. ஜெபராஜ் நல்ல மனுஷன், கள்ளங்கபடம் தெரியாதவரு. 'காலையில ஆறு மணிக்கே அம்மா முடிச்சுடச் சொல்லிட்டாங்களே, அதான் சார்'னு இவருகிட்ட சொல்லிட்டாரு.

இவரு என்னைத் திட்டல. ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா பதில் வெச்சிருந்தேன்.

அதுக்கப்புறம்தான் காக்கா வரல. ஆவணி அமாவாசை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு. வரல. அந்தப் புள்ள, 'ஆன்ட்டி, வேற பக்கம் வெச்சுப் பாருங்க'ன்றாரு. தெக்கால வெச்சேன், கிழக்கால வெச்சேன். மகாளய அமாவாசைக்கும் வரல. வேற வழியில்லாம, நெட்டு சரியில்ல தம்பின்னு சொல்லிட்டு, ஆனி மாசம் எடுத்து வெச்சிருந்த வீடியோவ அனுப்பினேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, எதுக்கும் வரல. நானும் என்னென்னமோ நெனச்சேன். அந்தா தெரியுதே செல்போன் டவரு, அதுவான்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுப் பூனையத் தொரத்தினேன். வாழை இலைய விட்டுட்டு மந்தார இலையில வெச்சேன்.

இதுக்கு நடுவுல வீட்டுக்குள்ள வேற சமாச்சாரம். நான் பயந்தவ இல்லீங்க, பொணத்துக்குப் பக்கத்து ரூம்ல உக்காந்து பில்லு போட்டவ. ஆனா பயமாத்தான் இருந்துச்சு. படையலுக்கு வடை பதினொண்ணு தட்டுவேன். நான் எண்ணித்தான் வெப்பேன். சாமி ரூம்ல படத்துக்குப் பொட்டு வெச்சுட்டுத் திரும்பி வந்தா ஒம்போது இருக்கும். பாயசம் ஒரு கரண்டி குறைஞ்சிருக்கும். அது மட்டுமில்ல. பட்டப் பகல்ல, மதியம் சாப்பிட்டுக் கண்ணசர்றப்ப, சமையல்கட்டுல பானை அடிய யாரோ சுரண்டற சத்தம். வறட்டு வறட்டுன்னு. எழுந்து போய்ப் பாத்தா நான் கழுவிக் கவுத்த பானை கவுத்த மாதிரியே இருக்கும். சௌந்தரவல்லியம்மா கோவத்துல இருக்காங்க, நம்ம கையால வாங்க மாட்டேன்றாங்க, அவங்களே வந்து எடுத்துக்கறாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். ஆடி அமாவாசை அன்னிக்கு நான் பண்ணினது அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அந்தப் படத்துக்கு முன்னாடி எத்தனை நாள் கன்னத்துல போட்டுக்கிட்டேன் தெரியுமா. 'வேற போக்கிடம் இல்லம்மா, இந்த வீட்டுலேருந்து தொரத்திடாதீங்கம்மா'ன்னு அழுதிருக்கேன்.

தை அமாவாசை. வித்யாசாகர் முன்னாடியே சொல்லிட்டாரு. 'ஆன்ட்டி, இந்தத் தடவையும் அம்மா வரலன்னா எனக்கு மனசு ஆறாது. வேற யாராவது குடியிருந்தா வருவாங்களோன்னு தோணுது'ன்னாரு. பவ்யமாத்தான் சொன்னாரு. அன்னிக்குப் படத்துக்குப் பொட்டு வெக்கப் போற மாதிரி போயிட்டு, கதவிடுக்குல நின்னு சமையல்கட்டையே பாத்தேன். வந்தாங்கன்னா கால்ல விழுந்துடறதுன்னு நின்னேன்.

வந்தது எங்க வீட்டுக்காரரு. கம்பெனிக்குக் கொண்டு போவாரே பழைய டிபன் பாக்ஸ், அதுல சோறு, ரெண்டு வடை, ஒரு கரண்டி பாயசம். மஞ்சப் பையில வெச்சுக்கிட்டுக் கதவச் சத்தமில்லாம சாத்திட்டுக் கெளம்பறாரு. தினமும் மலை பாக்க நடக்கப் போவாரு, அதனால நான் கண்டுக்கிட்டதே இல்ல. பின்னாடியே போனேன். ரெண்டு தெரு தாண்டி ஒரு காலி மனை, வேலி கெடையாது. அங்க ஒரு கல்லத் தொடச்சாரு. இலைத் துண்டு போட்டாரு. டிபன் பாக்ஸக் கவுத்தாரு. தள்ளி வந்து கையக் கட்டிக்கிட்டு நின்னு, 'அக்கா... அக்கா... வாக்கா'ன்னு கூப்பிட்டாரு.

எங்கேருந்துதான் வந்துச்சோ. இருபது, முப்பது இருக்கும். இந்த ஏரியாக் காக்கா மொத்தமும் அங்கதான் இருந்துச்சு. இவரு அதுங்க நடுவுல நின்னு சிரிக்கறாரு. 'வடை மெதுவா இருக்குதாக்கா'ன்னு கேக்கறாரு. ஆறு மாசமா அவரு சிரிச்சு நான் பாக்கல.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அங்க வயிறு நெறைய தின்னுட்டு, அப்புறம் ஏழு மணிக்கு நம்ம மாடிக்கு எது வரும்? ஆறு மாசமா நான் படத்துக்கு முன்னாடி அழுதது எல்லாம் இதுக்கா? ஆனா தெருவுல சத்தம் போடல. பக்கத்துல போயி நிதானமாத்தான் சொன்னேன். 'வைங்க, நான் வேணான்னு சொல்லல. உங்க அக்கா, நீங்க வைக்காம யாரு வைப்பா? ஆனா மொதல்ல மாடியில வெச்சுடலாம், அவங்க சாப்பிட்டப்புறம் இங்க வைங்க. ஒரு மணி நேரம்தானே? வீடு நமக்கு இருக்கும்'னேன். ரொம்ப நியாயமாத்தான் கேட்டேன்.

இவரு என்னைத் திரும்பிப் பாக்கல. காக்காயையே பாத்துக்கிட்டு, 'இருந்தப்பவும் கடைசியாத்தான் தின்னா. செத்தப்புறமும் கடைசியாவா?'ன்னாரு.

டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு முன்னாடி நடந்தாரு. நான் பின்னாடி வந்தேன். வீட்டுக்கு வந்து இலை போட்டேன். மாடிக்குப் போனேன். ஏழு மணிக்கு அந்தப் புள்ள ஈரத் தலையோட போன்ல. கூப்பிட்டேன். கூப்பிட்டேன். ஒரு குருவி கூட வரல. பாவம், அந்தப் புள்ள முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. 'அம்மாவுக்கு எம்மேல என்ன ஆன்ட்டி கோவம்? நான் வந்து பாக்கலன்னுதானா?'ன்னு கேட்டுட்டு அழுவுறாரு. ஐம்பது வயசு ஆம்பள, அந்த ஊர்ல ஒண்டியா உக்காந்துக்கிட்டு அழுவுறாரு.

எனக்கு வாயில வரிசையா இருக்குது. டவரு இருக்குது, பூனை இருக்குது, மூடுபனி இருக்குது. எதையாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். 'உங்க அம்மாவுக்குக் கோவம் இல்ல தம்பி. காக்கா எங்க வீட்டு இலையில சாப்பிட்டுட்டுப் போயிடுச்சு'ன்னேன். 'உங்க வீட்டுலயா? யாருக்கு ஆன்ட்டி?'ன்னாரு. சொன்னேன். ஆடி அமாவாசைய சொன்னேன். மாவுக் கையோட போன் எடுத்தத சொன்னேன். அப்புறம், 'ரெண்டு பேருன்னுதானே ஆன்ட்டி சொன்னீங்க?'ன்னாரு. 'மூணு பேரு தம்பி'ன்னேன். போன வெச்சுட்டாரு.

மாசிக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். தீட்டோட அவங்க அம்மாவுக்குப் படைச்சிருக்கேனே, அவரு பக்கமும் நியாயம் இருக்குதில்ல? எங்க போறோம்னா, ஜெபராஜ் சார்கிட்டதான் பேசியிருக்கு. அங்க ரெண்டு கட்டில் காலியா இருக்குதாம். எங்க வசதிக்கு அதுதான் முடியும். அங்கேருந்து மலையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. இவரு சரின்னுட்டாரு. எனக்குத்தான் ஆத்தாமை. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் தள்ளி வெச்சிருந்தாருன்னா இந்த வீடு எங்களுக்கு நின்னிருக்கும். இப்பக்கூட எனக்கு அதுதான் வருத்தம். பாருங்க... கேக்குதா? சமையல்கட்டுல. சுரண்டற மாதிரி. கேக்கலயா? மதியமாச்சுன்னா ஆரம்பிச்சுடும். சௌந்தரவல்லியம்மாதான். வேற யாரு இருக்கப் போறாங்க.

நீங்க பயப்பட வேணாம். நாங்க போனப்புறம் அந்தக் காலி மனையில வைக்க ஆளு இல்ல. காக்கா தன்னால மாடிக்கு வந்துடும். வடை மட்டும் மெதுவா இருக்கணும். வாங்க, ரூமெல்லாம் காட்டறேன். ஆனா வித்யாசாகர் உங்ககிட்டயும் மொதல்ல அதத்தான் கேப்பாரு, நான் இப்பவே கேட்டுடறேன். நீங்க எத்தனை பேருங்க?

ஏங்க, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறீங்க? சொல்லுங்க.